கடல் பக்கத்தில் இருந்தால் போதுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான் இளநிலையில் கடல் அறிவியல் படித்தவள் என்பதால், பள்ளி முடிக்கும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் என்னிடம் அடிக்கடி கேட்பவை இரண்டு: நீச்சல் தெரிந்திருக்க வேண்டுமா, படித்து முடித்தால் வேலை கிடைக்குமா? நீச்சல் தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டால் கற்றுக்கொள்ளலாம். வேலை என்றால் மீன்வளக் கணக்கெடுப்பு, இறால் வளர்ப்பு, துறைமுக நீரின் தரத்தைக் கண்காணிப்பது, கடலோர மேலாண்மை என்று பல பக்கம் இருக்கிறது, ஆனால் நிறைய இடங்களில் முதுநிலைப் பட்டமும் கேட்பார்கள். இவ்வளவு விசாரிக்கிறவர்கள், சேரப்போகும் இடத்தில் மாணவர்களை எத்தனை முறை கடலுக்குக் கூட்டிப் போவார்கள் என்று மட்டும் கேட்பதே இல்லை. வளாகம்தான் கடலோரத்தில் இருக்கிறதே என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

வகுப்பறை ஜன்னலில் கடல் தெரிவதும் மாணவர் கடலில் இறங்கி வேலை செய்வதும் வேறு வேறு. மூன்று வருடத்தில் ஒரே ஒரு களப்பயணம், அதுவும் கடைசி வருடத்தில், பஸ்ஸில் போய் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவது என்ற அளவில் முடிகிற படிப்பும் உண்டு. அந்தப் பட்டத்தை மலைமேல் உட்கார்ந்தும் வாங்கலாமே!

டால்பின் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வருகிறவர்களுக்கு முதல் வருடம் கொஞ்சம் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். இயற்பியல், வேதியியல், கணிதம், புள்ளியியல், நிலவியல் எல்லாம் வரும். ஒரு கிலோ கடல்நீரில் சராசரியாக 35 கிராம் உப்பு, ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் என்பதிலிருந்து ஆரம்பித்து, உப்பும் வெப்பமும் சேர்ந்து நீரின் அடர்த்தியை எப்படி மாற்றுகின்றன, அதனால் எந்த நீர் கீழே இறங்குகிறது என்று கணக்குப் போட வேண்டும். அவசியமான பாடம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அதைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எந்த ஊரிலும் படிக்கலாம்.

கரையில் மட்டுமே கைவருகிற விஷயங்கள் வேறு. நீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்க, ஹங்கேரி நாட்டு வேதியியலர் விங்க்லர் 1888-இல் சொன்ன முறையை இன்றைக்கும் சொல்லித்தருகிறார்கள். கண்ணாடிக் குப்பியில் ஒரு காற்றுக்குமிழிகூடச் சிக்காமல் நீரைப் பிடித்து, அங்கேயே மாங்கனீசு சல்பேட்டையும் காரம் கலந்த அயோடைடையும் விட்டு மூடியைத் திருக வேண்டும். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிறத்தில் வண்டல் திரளும், அறவே இல்லாவிட்டால் வெள்ளையாகவே நிற்கும். அப்புறம் ஆய்வகத்தில் அமிலம் விட்டு, தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக இறக்கி, ஸ்டார்ச்சின் நீலம் மறைகிற சொட்டில் நிறுத்துவது. ஆய்வகத்து வேலையை யாரும் பழகிவிடலாம். ஆடுகிற படகில், ஈரக்கையோடு, குமிழி இல்லாமல் குப்பியை மூடுவது பலமுறை செய்தால்தான் வரும். அந்தக் குமிழி உள்ளே போய்விட்டால் பின்னால் எவ்வளவு கவனமாக அளந்தாலும் அந்த எண்ணை நம்ப முடியாது.

அடுத்தது கால அட்டவணை. கடல்நீர் நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும் கரைகளில், அந்த ஏற்ற வற்ற நேரங்களைப் பார்த்தால், அவை தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகின்றன. ஏழு நாளில் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். அதாவது இந்தச் செவ்வாய் மதியம் நீர் வற்றிப் பாறையெல்லாம் வெளியே தெரிந்தால், அடுத்த செவ்வாய் அதே மதியத்தில் அந்தப் பாறைகள் தண்ணீருக்கு அடியில் இருக்கும். வாராவாரம் செவ்வாய் இரண்டு மணிக்கு செய்முறை என்று அட்டவணையில் எழுதி வைத்தால் பாதி வகுப்பு வீணாகத்தானே போகும்? இந்த ஏற்ற வற்ற நேரங்களைச் சொல்லும் ஓத அட்டவணை ஒரு வருடத்துக்கு முன்பே கிடைக்கிறது, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வகுப்பு நேரத்தைப் போடுவதில் என்ன கஷ்டம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

படகுக்குச் செலவாகும், பாதுகாப்புப் பிரச்சினை வரும் என்பார்கள். சரி, ஆனால் இந்தத் துறையின் பெரிய கண்டுபிடிப்புகள் சில கப்பலே இல்லாமல் வந்தவை. சூழலியலர் ஜோசப் கானல் ஸ்காட்லாந்துக் கரையில், பாறையில் ஒட்டி வளரும் ஓடுள்ள சிறு உயிரினங்களான கொட்டலசுகளில் இரண்டு வகைகளைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்து, பெரியதைச் சுரண்டி எடுத்துவிட்டால் சிறியது கீழ்ப்பகுதியிலும் பிழைக்கிறது என்று 1961-இல் காட்டினார். இன்னொரு சூழலியலர் ராபர்ட் பெய்ன் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கரையில் ஒரு பாறைப் பகுதியிலிருந்து நட்சத்திர மீன்களை மட்டும் தொடர்ந்து அகற்றிவந்தார். சிப்பிகள் இடத்தைப் பிடித்துக்கொள்ள, 15 வகை உயிரினங்கள் இருந்த இடம் 8 ஆகச் சுருங்கியதை 1966-இல் எழுதினார். சூழலியல் படிக்கிற எல்லாருக்கும் இந்த இரண்டும் பாடம். இருவருக்கும் வேண்டியிருந்தது நடந்து போகும் தூரத்தில் ஒரு கரை, அதே இடத்துக்கு விடாமல் போகும் பொறுமை. முதல் வருட மாணவருக்கும் பாறைமேல் வைத்து எண்ண ஒரு சதுரச் சட்டகம், வெப்பமானி, நோட்டு இருந்தால் போதும், வற்றம் பார்த்து ஒரே பாறையில் உள்ள உயிரினங்களை மூன்று வருடமும் எண்ணிக்கொண்டு வரலாம். பட்டம் வாங்கும்போது சொந்தமாக ஒரு தரவு கையில் இருக்கும், புள்ளியியல் பாடமும் அதை வைத்தே நடக்கும். கடலோரத்தில் இருக்கும் பல்கலைக்கழகத்தால் மட்டும்தான் இதைச் செய்ய முடியும், அதைச் செய்யாமல் விடுவது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கடல் அறிவியல் படிப்புகளைப் பற்றி எழுதும்போது, கட்டணம், இடங்களோடு சேர்த்து, களத்தில் எத்தனை மணி நேரம், எந்த வருடத்திலிருந்து, படகு சொந்தமா வாடகையா, உயிர்காக்கும் அங்கியும் பயிற்சியும் தருகிறார்களா என்பதையும் பல்கலைக்கழகங்களிடம் கேட்டு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கடல் அறிவியல் படித்த ஒரு வாசகி