'கோடை விடுமுறையில் பாதி' என்றால் எத்தனை நாள்?

தமிழ்நாட்டுக் குடும்ப நல நீதிமன்றங்களின் மாண்புமிகு நீதிபதிகளுக்கு,

வணக்கம். பிரிந்து வாழும் பெற்றோரின் பிள்ளைகளுக்காக நீங்கள் இடும் உத்தரவுகளில் இந்த ஆண்டும் அதே வரிதான்: 'கோடை விடுமுறையில் பாதி நாட்கள் குழந்தை மனுதாரரிடம் இருக்கலாம், தேதிகளை இரு தரப்பும் கலந்து பேசி முடிவு செய்துகொள்ளவும்.' கலந்து பேசி முடிவு செய்ய முடிந்தவர்கள் உங்கள் முன்னால் வாய்தா வாய்தாவாக ஏன் நிற்கப் போகிறார்கள்?

நாங்கள் கேட்பது ஒன்றுதான். விடுமுறைப் பங்கீட்டு உத்தரவில் தேதி, நேரம், இடம் மூன்றையும் எழுதுங்கள். அதையும் பிப்ரவரி முடிவதற்குள் எழுதுங்கள்.

பாதி என்றால் எதில் பாதி? 2023 ஜூன் மாதத்தை நினைத்துப் பாருங்கள். பள்ளி திறப்பு ஆறாம் வகுப்பு முதல் மேல் வகுப்புகளுக்கு ஜூன் 1, ஐந்து வரை ஜூன் 5 என்றார்கள். வெயில் தாளாமல் அது எல்லோருக்கும் 7 ஆனது. பிறகு ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 12-ஆம் தேதி, ஒன்று முதல் ஐந்து வரை 14-ஆம் தேதி என்று மறுபடி மாறியது. அக்கா ஏழாம் வகுப்பு, தம்பி மூன்றாம் வகுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பாதி அப்பாவிடம். 'பள்ளி திறக்கும் வரை என் நாள்' என்பார் அவர். 'முதலில் அறிவித்த தேதிக்கே என் நாள் தொடங்கிவிட்டது' என்பார் அம்மா. உங்கள் உத்தரவை வைத்துப் பார்த்தால் இரண்டுமே சரி. அக்காவை 11-ஆம் தேதி மாலை அனுப்பிவிட்டுத் தம்பியை மட்டும் இன்னும் இரண்டு நாள் வைத்துக்கொள்ளலாமா? அதற்கும் உத்தரவில் பதில் இல்லை. பை கட்டி வாசலில் வைத்தாகிவிட்டது. பிள்ளைகள் செருப்பு மாட்டுவதும் கழற்றுவதுமாக இருக்கிறார்கள். 2024-லும் ஜூன் 6 என்றது 10 ஆனது.

தொடக்கத்திலும் இதே வில்லங்கம்தான். கடைசித் தேர்வு வகுப்புக்கு வகுப்பு வேறு. சிபிஎஸ்இ பள்ளி ஏப்ரலிலேயே புது வகுப்பைத் தொடங்கிவிடும். பத்தாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைக்கு மே மாதம் 'ஸ்பெஷல் கிளாஸ்' என்று தனியார் பள்ளி கூப்பிடும்; அது விடுமுறையா, பள்ளி நாளா?

நாலைந்து வரி எழுதினால் தீரும். அந்தக் குழந்தையின் கடைசித் தேர்வுக்கு மறுநாள் காலை 10 மணிக்குத் தொடக்கம். மே 16 காலை 10 மணிக்குக் கைமாற்றம். முதலில் அறிவிக்கப்பட்ட திறப்புத் தேதிக்கு மூன்று நாள் முன்பு மாலை 6 மணிக்கு முடிவு. திறப்பு தள்ளிப்போனாலும் இது மாறாது. உடன்பிறந்தவர்களுக்கு, யாருக்குப் பள்ளி முதலில் திறக்கிறதோ அந்தத் தேதியே எல்லோருக்கும். ஒற்றைப்படை ஆண்டில் முதல் பாதி தாய்க்கு, இரட்டைப்படை ஆண்டில் தந்தைக்கு. கூடவே போக வேண்டியவை: ஆதார் நகல், மருந்துச் சீட்டு, கண்ணாடி, விடுமுறை வீட்டுப்பாட நோட்டு.

இடத்தையும் மறக்காதீர்கள். 'நீதிமன்ற வளாகத்தில் ஒப்படைக்கவும்' என்று எழுதிய தேதி மே மாத ஞாயிற்றுக்கிழமையாக இருந்து, வளாகம் பூட்டிக் கிடந்தால் அடுத்து எங்கே போவது?

பிப்ரவரி என்று கெடு கேட்பதற்குக் காரணம் ரயில். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகிவிட்டது. மே 1 இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் இடம் வேண்டுமானால் மார்ச் 2 காலையிலேயே பதிய வேண்டும். மார்ச்சில் இடைக்கால மனு போட்டால் நோட்டீசுக்கு ஒரு வாய்தா, எதிருரைக்கு ஒன்று, வாதத்துக்கு ஒன்று. ஏப்ரல் கடைசியில் உத்தரவு வரும். சான்றிட்ட நகல் கையில் கிடைப்பதற்குள் கோடை விடுமுறை உங்களுக்கே வந்துவிடும். உத்தரவை மீறினார்கள் என்று நிறைவேற்று மனு போட்டால், அது விசாரணைக்கு வரும்போது பிள்ளை காலாண்டுத் தேர்வு எழுதிக்கொண்டிருக்கும்.

இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, பிள்ளையின் பராமரிப்பு, கல்வி குறித்த இடைக்கால மனுக்களைக் கூடியவரை 60 நாளில் முடிக்கச் சொல்கிறது. பிள்ளையோடு இருக்கிற நாட்களுக்கு அந்தக் கெடுவைச் சொல்லவில்லை. பீஸ் கட்ட அவசரம் உண்டு; பிள்ளையைப் பார்க்க ஆற அமர வரலாம் போலிருக்கிறது. வார இறுதிச் சந்திப்பு கடினமானால் நீண்ட விடுப்புகளில் நாட்களைத் தரலாம் என்றும், பிரிந்திருக்கும் பெற்றோர் தினமும் 5 முதல் 10 நிமிடம் பேச வழி வேண்டும் என்றும் 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இங்கே அதுவும் 'வசதிப்படி பேசலாம்' என்று வருகிறது. யார் வசதிப்படி?

கடுமையாக எழுதிவிட்டோம், பொறுத்தருளுங்கள். வழக்குக் கட்டுகளின் சுமை எங்களுக்குத் தெரியாததல்ல. அடுத்த கோடைக்கான மனுக்களை அரையாண்டு விடுமுறைக்கு முன்பே வழக்கு எண் தந்து விசாரணைக்கு எடுத்து, தேதி, நேரம், இடத்தோடு பிப்ரவரிக்குள் உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
குடும்ப நல வழக்குகளில் ஆஜராகும் வழக்கறிஞர்கள் சிலர்