மலேரியா ஆய்வுக்கு நிதி வழங்கும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். மலேரியா ஒட்டுண்ணியின் மரபணுக்களையும் அதன் மருந்து எதிர்ப்பையும் ஆராய்கிறவர்களில் ஒருவனாக இதை எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான்: இத்துறைக்கான நிதியை மூன்றாண்டுத் துண்டுகளாக நறுக்குவதை நிறுத்துங்கள்.

ஒரு காலத்தில் மலேரியாவுக்குப் பரவலாகத் தரப்பட்ட குளோரோகுயின் மருந்தின் கதையை நீங்கள் அறிவீர்கள். இருந்தாலும் அதன் ஆண்டுகளை மட்டும் ஒருமுறை வரிசையாகப் பாருங்கள். 1950களின் இறுதியில் தென்கிழக்கு ஆசியாவிலும் தென் அமெரிக்காவிலும் அந்த மருந்து தோற்கத் தொடங்கியது. மருந்துக்கு மடியும் ஒட்டுண்ணி ஒன்றையும் மடியாத ஒன்றையும் கலப்பினம் செய்து, தாமஸ் வெல்லம்ஸ் குழுவினர் முதல் முடிவை வெளியிட்டது 1990இல். அடுத்த ஆண்டு ஏழாம் குரோமோசோமின் ஒரு பகுதிக்குள் தேடல் சுருங்கியது. 1997இல் அப்பகுதியிலிருந்த ஒரு மரபணுவே காரணமாக இருக்கக்கூடும் என்று முன்வைக்கப்பட்டது. அது தவறு என்று பின்னர் தெரிந்தது. எதிர்ப்புக்கு உண்மையில் காரணமான பிஎஃப்சிஆர்டி என்ற மரபணு அதே வட்டாரத்தில் பதின்மூன்று துண்டுகளாகப் பிரிந்து கிடந்ததால் யார் கண்ணிலும் படாமல் இருந்தது, 2000இல்தான் பிடிபட்டது. உங்கள் படிவத்தின்படி இந்த வேலை நடந்திருந்தால், 1997இலேயே ‘இலக்கு எட்டப்பட்டது’ என்று எழுதிக் கோப்பை மூடியிருப்பார்கள்.

இன்றைய முதன்மை மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினின் விஷயமும் அப்படித்தான். 2014இல் அதன் எதிர்ப்போடு தொடர்புடைய கெல்ச்13 மரபணு அடையாளம் காணப்பட்டதற்குப் பின்னால், தான்சானியாவிலிருந்து வந்த ஓர் ஒட்டுண்ணியை ஆய்வகத்தில் ஐந்தாண்டுகள் மருந்தின் நெருக்கடியிலேயே வளர்த்த உழைப்பு இருக்கிறது. கட்டுரையில் இது ஒரே வரி. அந்த ஒரு வரிக்குள் என்ன இருக்கிறது தெரியுமா? ஃபால்சிபாரம் என்ற மலேரியா ஒட்டுண்ணி 48 மணி நேரத்துக்கு ஒருமுறை சிவப்பணுவை உடைத்து வெளியேறி, அடுத்த அணுவுக்குள் நுழையும். அதற்குப் புது மனித இரத்தம் வேண்டும். வளர்ப்புத் திரவத்தை மாற்ற வேண்டும். கண்ணாடித் தகட்டில் இரத்தத்தைத் தேய்த்து, ஜீம்சா சாயமேற்றி, நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்று ஒட்டுண்ணி ஓய்வெடுக்காது. இதையெல்லாம் செய்கிறவர் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழில்நுட்பர். திட்டம் முடிகிற அன்று அவருடைய வேலையும் முடிந்துவிடும். அவர் கையில் இருந்த பழக்கத்தை அடுத்து வருகிறவருக்கு எந்தக் கையேடும் கற்றுத்தராது.

பழைய மாதிரிகளின் நிலை இன்னும் மோசம். விரல் நுனியில் குத்தி எடுத்த இரத்தத்தை வடிதாளில் இரண்டு மூன்று பொட்டுகளாக வைத்து உலர்த்தி, ஈரமுறிஞ்சிப் பொட்டலத்தோடு உறையிலிட்டால் பல ஆண்டுகளுக்குப் பிறகும் அதிலிருந்து டிஎன்ஏ எடுக்கலாம். ஆப்பிரிக்க நாடான மலாவி 1993இல் குளோரோகுயினைக் கைவிட்டது. 1992இல் 85 சதவீதமாக இருந்த எதிர்ப்பு மரபணு வடிவம் 2000இல் 13 சதவீதமாக இறங்கியிருந்தது. பின்னர் 2006இல் வெளியான ஆய்வில், அங்குள்ள குழந்தைகளுக்கு அந்த மருந்து மீண்டும் நன்றாகவே வேலை செய்தது தெரிந்தது. மருந்தை நிறுத்தினால் எதிர்ப்பும் பின்வாங்கக்கூடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. ஆனால் ‘முன்பு எவ்வளவு இருந்தது’ என்று சொல்ல ஒரு கணக்கு இருந்ததால்தான் ‘இப்போது குறைந்தது’ என்று சொல்ல முடிந்தது. அப்படிப்பட்ட மாதிரிகளைக் காக்கும் ஃப்ரீசரின் பராமரிப்புக்கு உங்கள் பட்ஜெட் படிவத்தில் தலைப்பே இல்லை.

ருவாண்டாவையும் பாருங்கள். 2012க்கும் 2015க்கும் இடையில் திரட்டிய மாதிரிகளில் ஆர்ட்டிமிசினின் எதிர்ப்போடு தொடர்புடைய, கெல்ச்13இன் ஆர்561எச் என்ற பிறழ்வு இருந்தது. அது ஆசியாவிலிருந்து பயணப்பட்டு வந்ததல்ல, அங்கேயே தோன்றியது என்பது கட்டுரையாக வெளிவந்தது 2020இல். ஆய்வாளர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் தேடியதால்தான் தெரிந்தது. மாதிரி திரட்டும் நாட்டிலேயே டிஎன்ஏவை வரிசைப்படுத்திப் படிக்கும் கருவியும் அதை இயக்கும் ஆட்களும் நிரந்தரமாக இருந்தால் இந்த இடைவெளி குறையும் என்பதே என் வாதம்.

நீண்டகால நிதி சோம்பலை வளர்க்கும் என்று உங்களில் சிலர் சொல்வது காதில் விழுகிறது. சில இடங்களில் வளர்க்கவும் செய்யும். அதற்கு இடைக்கால மதிப்பாய்வு இருக்கிறது, கடுமையாகவே நடத்துங்கள். ஆனால் ஒரே ஊரில் ஆண்டுதோறும் அதே மரபணுக்களைப் பார்க்கிற திட்டத்துக்கு ‘புதுமை’ என்ற கட்டத்தில் ஐந்துக்கு ஒன்று போட்டு ஒதுக்கிவிட்டு, எதிர்ப்பு பரவியபின் அவசர நிதி அறிவிப்பது எந்தக் கணக்கில் சிக்கனம்?

அடுத்த அழைப்பிலேயே இவற்றைச் செய்யலாம். கண்காணிப்புத் திட்டங்களுக்குப் பத்தாண்டு அடிப்படை நிதி ஒதுக்குங்கள். தொழில்நுட்பரின் சம்பளத்தையும் மாதிரிச் சேமிப்பையும் தனித் தலைப்புகளாகச் சேருங்கள். ‘இந்த ஆண்டு மாற்றம் எதுவும் இல்லை’ என்ற அறிக்கையையும் முடிவாக ஏற்றுக்கொள்ளுங்கள். மதிப்பெண் தாளில் ‘புதுமை’ இருக்கிற இடத்தில், இவ்வகைத் திட்டங்களுக்கு மட்டுமாவது, திட்டம் முடிந்தபின் மாதிரிகள் யார் பொறுப்பில் இருக்கும் என்ற கேள்வியை வையுங்கள்.

இப்படிக்கு,
மலேரியா மரபணு ஆய்வாளர் ஒருவர்