தினமும் ராத்திரி ஒரே கேள்வி

கொடைக்கானல்

அன்புள்ள மல்லிகாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் நலம் என்று தெரிந்ததில் சந்தோஷம். இங்கே மழை இன்னும் விட்டபாடில்லை. மதியம் சாப்பிட்டு எழுந்தால் மூட்டம் இறங்கிவிடுகிறது, துணி காயவே மாட்டேன் என்கிறது. அத்தைக்கு முழங்கால் வலி குளிரில் கூடியிருக்கிறது. மற்றபடி எல்லோரும் நலம்.

உன் மகளைப் பற்றி எழுதியிருந்தாய். ராத்திரி வெகுநேரம் போனில் பேய்க் காதல் நாவலாகப் படித்துத் தள்ளுகிறாள், கதாநாயகன் ரத்தக் காட்டேரியாகவோ ஓநாய் மனிதனாகவோ இருக்கிறான், பெண்ணைத் தூக்கிக்கொண்டுபோய் மாளிகையில் அடைத்து வைக்கிறான், கடைசியில் அவளும் அவனையே காதலிக்கிறாள், இதையெல்லாம் படிக்க விடலாமா என்று கேட்டிருக்கிறாய். தடுக்காதே மல்லி. நானே இப்போது அந்த மாதிரி ஒரு கதையைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளும்.

இந்த நாவல்களில் பல, ‘பியூட்டி அண்ட் தி பீஸ்ட்’, அதாவது அழகியும் மிருகமும், என்ற ஒரே கதையின் வாரிசுகள். ரோஜாப்பூ கேட்ட கடைசி மகள், பூவைப் பறித்ததால் மிருகத்திடம் மாட்டிக்கொண்ட அப்பா, அவருக்குப் பதிலாகப் போகும் மகள். குழந்தைகள் புத்தகத்தில் நாம் படித்தது சுருக்கம். அந்தச் சுருக்கத்தை 1756இல் எழுதியவர் லெப்ரின்ஸ் தெ போமோன். லண்டனில் வசதியான வீட்டுப் பெண் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த பிரெஞ்சு ஆசிரியை. அதற்கு முன்பே, 1740இல், கப்ரியேல் சூசான் தெ வில்நெவ் என்ற பெண்மணி அதைப் பெரியவர்களுக்காக நீளமாக எழுதியிருந்தார். அந்த நீளமான கதைதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

அதில் மிருகம் தினமும் ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்கு வரும். கொஞ்ச நேரம் பேசும். போகும் முன் ஒரு கேள்வி கேட்கும்: இன்று உன்னோடு படுத்துக்கொள்ளட்டுமா? அவள் நடுங்கிப்போகிறாள். பயப்படாமல் பதில் சொல் என்கிறது மிருகம். வேண்டாம் என்கிறாள். அப்படியானால் நான் போகிறேன், நன்றாகத் தூங்கு என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். போமோன் அம்மையார் மாணவிகளுக்காக அதை ‘என்னைக் கல்யாணம் செய்துகொள்வாயா’ என்று மாற்றிவிட்டார். அவர் நிலைமையில் வேறு வழியில்லை. ஆனால் கதையின் உயிர் அந்த முதல் கேள்வியில்தான் இருக்கிறது. ஒரே அடியில் அவளைக் கொல்லக்கூடிய ஒரு ஜந்து, அவள் வேண்டாம் என்று சொன்னதும் திரும்பி நடக்கிறது.

அந்த மிருகம் எப்படி மிருகமானது தெரியுமா? இளவரசனின் அம்மா, ராணி, போருக்குப் போகும்போது பிள்ளையை ஒரு தேவதையிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறாள். வளர்த்த தேவதையே, பையன் பெரியவனானதும் அவனைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்கிறாள். அவன் மாட்டேன் என்கிறான். அதற்குத்தான் சாபம்! வேண்டாம் என்று சொன்னதற்குத் தண்டனை வாங்கியவன் அவன். அதனால்தான் இன்னொருத்தி வேண்டாம் என்று சொல்லும்போது அவனால் அதைக் கேட்டுக்கொள்ள முடிகிறது. இது பிடிபட்ட அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. வில்நெவ் இதை எங்கேயும் விளக்கவில்லை, நானாகச் சேர்த்துப் பார்த்துக்கொண்டதுதான். இருந்தாலும் கதை அப்படித்தான் நிற்கிறது.

இப்போது வரும் நாவல்களில் பலவற்றில் நகமும் பல்லும் பத்திரமாக இருக்கின்றன. கேள்வியைத்தான் காணோம். அவள் வாய் வேண்டாம் என்கிறது, மனசு வேண்டும் என்கிறது, அது அவனுக்குத் தெரியும் என்று எழுதிவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான். நம் ஊரில் மட்டும் என்ன? இங்கே டெவில்ஸ் கிச்சன் என்று பெயர் இருந்த இடம், 1991இல் வந்த படத்துக்குப் பிறகு குணா குகை ஆகிவிட்டது. ஒரு பெண்ணைத் தன் அபிராமி என்று நம்பி ஒருவன் தூக்கிவந்து வைத்திருந்த குகை. ஜோடி ஜோடியாக வந்து கம்பி வேலிக்குப் பக்கத்தில் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அவன் காதலுக்காக நானும் அழுதவள்தான். இப்போது அந்தப் பக்கம் போனால் அவள் நினைப்புதான் வருகிறது.

பேய் பிடித்த பெண்ணை நாம் சின்ன வயதில் பார்த்திருக்கிறோமே. புதிதாகக் கல்யாணமானவள், தலை நிறையப் பூ, உச்சி வேளையில் தனியாகப் போனாள், காதலில் தோற்றுச் செத்த ஒருவன் பிடித்துக்கொண்டான் என்பார்கள். பூசாரி உடுக்கையை அடித்துக்கொண்டு கேட்பார்: நீ யாரு? எங்கே பிடிச்சே? உனக்கு என்ன வேணும்? கோழி வேணும் என்று அவள் வாயால் அது பதில் சொல்லும். கடைசியில் உச்சிமுடியில் ஒரு கொத்தைப் பிடித்து அறுத்து, புளியமரத்தில் வைத்து ஆணி அடித்துவிடுவார்கள். அத்தனை கேள்வியும் பேய்க்குத்தான். உனக்கு என்னம்மா வேணும் என்று அந்தப் பெண்ணை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

இது இன்று நேற்று வந்ததும் இல்லை. குறிஞ்சித் திணையில் வெறியாட்டு படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? மலைநாட்டுக்காரன் மேல் ஆசைப்பட்டுப் பெண் மெலிந்துபோகிறாள். அம்மா, முருகு அணங்கிவிட்டது, அதாவது முருகன் பிடித்துவிட்டான், என்று பூசாரியான வேலனைக் கூப்பிட்டு வெறியாட வைக்கிறாள். நற்றிணை 34ஆம் பாட்டில் தோழிக்குப் பொறுக்கவில்லை. இவள் நோய் உன்னால் வந்ததில்லை என்று தெரிந்தும் வேலன் கூப்பிட்டான் என்று வந்துவிட்டாயே, நீ கடவுளாகவே இரு, ஆனால் மடையன்தான் என்று முருகனையே சொல்லிவிடுகிறாள். வகுப்பில் அந்த வரி வந்தபோது நீ என் கையைக் கிள்ளினாய். அந்தத் தோழியை அப்படியே என் நாவலுக்குள் கொண்டுவந்திருக்கிறேன். அவளுக்கு உன் குணம்தான்.

சரி, கதையைச் சொல்கிறேன். அப்பா பூம்பாறையில் மலைப்பூண்டு வியாபாரி. வடுகபட்டிச் சந்தைக்கு லோடு ஏற்றிக்கொண்டு போகிறார். விலை சரிந்து, வண்டி வாடகைக்குக்கூடக் கட்டாமல் திரும்புகிறார். கிளம்பும்போதே கடைசி மகளிடம் என்ன வேண்டும் என்று கேட்டிருந்தார். ரோஜா என்று வைக்க முடியாது, இங்கே வாசலுக்கு வாசல் ரோஜா. அதனால் அவள் குறிஞ்சி கேட்கிறாள். 2018இல் பூத்தது, இனி 2030இல்தான் பூக்கும் என்பது அவளுக்கும் தெரியும். கிடைக்காததைக் கேட்டால் அப்பா செலவு செய்யமாட்டார் என்றுதான் கேட்டாள். ராத்திரி மூட்டத்தில் வழி தப்பி அவர் ஒரு பாழடைந்த பங்களாவுக்குள் போய் நிற்கிறார். தோட்டம் முழுக்க நீலம். வருஷம் தப்பிப் பூத்த குறிஞ்சி. ஒரு கொத்து ஒடிக்கிறார்.

அங்கே இருப்பவன், மோட்டார் ரோடு வருவதற்கு முன் பெரியகுளம் பக்கமிருந்து வெள்ளைக்காரர்களை டோலியில் சுமந்து ஏறிய ஆட்களில் ஒருவன். பங்களா துரைசாணிக்கு அவன் மேல் கண். மாட்டேன் என்றான். அதற்கு அவள் செய்ததை நான் இங்கே எழுதப்போவதில்லை, மூன்றாம் அத்தியாயத்தில் படித்துக்கொள்.

அவனுக்கு என்ன உருவம் கொடுப்பது என்றுதான் வெகுநாள் திண்டாடினேன். ஓநாய் இந்த மலைக்கு ஒட்டாது. போன வாரம் ஒரு காட்டெருமை எங்கள் கேட்டுக்கு வெளியே வந்து நின்றது. மூட்டத்தில் முதலில் தெரிந்தது கால்கள்தான், வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி முழங்காலுக்குக் கீழே மட்டும் வெளுப்பு. அப்புறம் மெதுவாக மீதி உடம்பு: முதுகில் அந்த மேடு, இரண்டு கொம்புக்கும் நடுவில் மங்கிய நெற்றி, கறுத்த கொம்பு நுனி. மூக்கிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பையன் டார்ச் அடிக்கவும் அத்தை, “லைட்டை அணைடா, அது பாட்டுக்குப் போகும், வழியை மறிக்காதே” என்றார். எங்கள் கேட்டில் ஒரு சின்னத் தாழ்ப்பாள்தான். அது ஒரு முட்டு முட்டியிருந்தால் தூணோடு பெயர்ந்திருக்கும். முட்டவில்லை. வேலிக்கு வெளியே இருந்த புல்லைக் கொஞ்சம் கடித்துவிட்டுத் திரும்பி நடந்தது. அன்று ராத்திரியே உட்கார்ந்து எழுதினேன். என் ஆள் தினமும் ராத்திரி அவள் அறைக்கு வெளியே வந்து நிற்பான். கதவில் தாழ்ப்பாள் கூட இருக்காது. “உள்ளே வரட்டுமா?” என்பான். “வேண்டாம்” என்பாள். காலடிச் சத்தம் தாழ்வாரத்தில் தேய்ந்து மறையும்.

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. அடைத்து வைப்பவனையும் அன்பால் மாற்றிவிடலாம் என்று பிள்ளை நம்பிவிடுவாளோ என்று கவலைப்படுகிறாய். அப்படியானால் அவளுக்குக் குண்டலகேசியைச் சொல்லு. கிடைத்திருப்பது பத்தொன்பது பாட்டுதான், கதை நீலகேசி என்ற இன்னொரு காப்பியத்தின் உரையால் தெரிகிறது. கொலைத் தண்டனைக்குப் போகிற கள்வனைப் பார்த்து ஆசைப்பட்டு, அவனை மீட்டுக் கட்டிக்கொள்கிறாள். ஊடலில் ஒரு நாள், நீ கள்வன்தானே என்று வாய்தவறிச் சொல்லிவிடுகிறாள். அவளைக் கொல்ல மலையுச்சிக்குக் கூட்டிப்போகிறான். சாகும் முன் உங்களை மூன்று முறை வலம் வரவேண்டும் என்று கேட்டு, சுற்றி வரும்போதே பின்னாலிருந்து தள்ளிவிடுகிறாள். இதைவிட இருட்டான காதல் கதையை எந்த போனிலும் அவள் படித்திருக்கமாட்டாள். அப்புறம், அவள் படிக்கும் நாவல் எதுவானாலும் ஒன்றே ஒன்று கேள்: அந்தப் பெண் வேண்டாம் என்று சொல்ல முடிகிறதா, சொன்னால் அவன் என்ன செய்கிறான்? திட்டாமல் கேள். அவளே யோசிக்கக்கூடியவள்.

இனி என் பிரச்சினை, முடிவு. வில்நெவ் கதையில் மிருகம் அழகான இளவரசனாகிவிடுகிறது, அவளும் உண்மையில் ராஜா மகள்தான் என்று தெரியவருகிறது. எனக்கு இரண்டும் வேண்டாம். என் பெண் பூண்டு வியாபாரி மகளாகவே இருக்கட்டும், அவனும் கொம்போடே இருக்கட்டும். அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்றதும் கதவைத் திறந்து விடுகிறான், நாள் கெடு எதுவும் வைக்காமல். அவள் பூம்பாறையில் இருந்து அப்பாவைத் தேற்றிவிட்டு, யாரும் கூப்பிடாமல் தானாகவே திரும்பி வருகிறாள். இந்த முறை அவன் அறைக்கு வெளியே அவள் நிற்கிறாள். “உள்ளே வரட்டுமா?”

அவன் என்ன சொல்லவேண்டும்? சரி என்று சொன்னால் படிக்கிறவர்கள் சந்தோஷப்படுவார்கள். ஆனால் வேண்டாம் என்று சொன்னதற்காகவே அவ்வளவு காலம் கிடந்து வெந்தவன் அவன். வேண்டாம் என்று சொன்னாலும் தன்னை யாரும் ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று ஒரு தடவையாவது அவனுக்குத் தெரியவேண்டாமா? இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்துவிட்டேன், இரண்டிலும் அழுகை வருகிறது.

முதல் ஐந்து அத்தியாயங்களை இதோடு அனுப்புகிறேன். நீ படித்துவிட்டு அவளிடம் கொடு. அவன் என்ன பதில் சொல்லவேண்டும் என்று அவளையே எழுதச் சொல், நீ திருத்தாதே. பள்ளி லீவில் இருவரும் கிளம்பி வாருங்கள். காரில் வந்தால் இ-பாஸ் எடுக்க மறந்துவிடாதே, இல்லையென்றால் பேசாமல் வத்தலக்குண்டிலிருந்து பஸ் பிடித்துவிடு. அவளுக்குத் தடியாக ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள், இங்கே இருப்பதெல்லாம் அத்தை அளவு.

அன்புடன்,
உன் அமுதா