செல்லாத செயற்கூறும் ஒரு சொற்கோப்பும்: மூவருக்கு நன்றி மடல்

அன்புமிக்க உவர்மலைத் தம்பிக்கும், நிலாவெளித் தங்கைக்கும், கிண்ணியாச் சகோதரருக்கும் வணக்கம்.

திருக்கடலூர்க் கரைவலைத் தொழிலாளரிடம் 3 ஆண்டுகளாகக் கேட்டெழுதிவரும் கடற்றொழிற் சொற்களை ஈமாக்ஸ் என்ற எழுத்துச் செயலியில், குறிப்புகளைக் கிளைகிளையாக விரிக்கவும் மடிக்கவும் உதவும் அதன் ஆர்க் என்ற கூறில் அமைந்த கோப்பு ஒன்றிலேயே சேர்த்து வருகிறேன். சோளகம், வாடை, கொண்டல், கச்சான் எனக் காற்றுகளுக்கு ஒரு கிளையும், மடி, சம்மாட்டி என வலைக்கும் ஆட்களுக்கும் வெவ்வேறு கிளைகளும் அதில் உண்டு. கடந்த மாதம் ஒரு காலை அக்கோப்பைத் திறந்தபோது கிளை எதுவும் விரியவில்லை. திரையின் அடியில் “செல்லாத செயற்கூறு: ஆர்க்-அசெர்ட்-வெர்ஷன்” என்ற பொருள்பட ஒற்றை வரி மட்டும் நின்றது. செயற்கூறு என்பது பெயர் சொல்லி அழைத்து இயக்கும் நிரல் துண்டு. சொற்களெல்லாம் போய்விட்டன என்றே எண்ணிக் கலங்கினேன்.

தம்பி, நீங்கள் வந்ததும், ஈமாக்ஸ் எப்படி இயங்க வேண்டும் என்று எழுதிவைக்கும் அமைவுக் கோப்பில் கைவைக்கவே விடவில்லை. அடைவு முழுவதையும் முதலில் பென்டிரைவில் படியெடுத்தீர்கள். பின்னர் அமைவுக் கோப்பையும், கூடுதலாக நிறுவிய நிரல் பொதிகளையும் தொடாமல் ஈமாக்ஸை வெறுமையாகத் தொடக்கும் ‘மைனஸ் கியூ’ தெரிவோடு சொற்கோப்பைத் திறந்து காட்டினீர்கள். கச்சான் காற்றின் கிளை பழையபடி விரிந்தது. பழுது கோப்பிலும் இல்லை, ஈமாக்ஸிலும் இல்லை, இடையில் ஏற்றப்படும் பொதியில்தான் என்பது அந்த ஒரு நிமிடத்தில் தெளிவாயிற்று. அடுத்து, தொடங்கும்போது எழும் வழுவை விரித்துக் காட்டும் ‘டீபக் இனிட்’ தெரிவோடு தொடக்கி, வழு எந்த அழைப்பில் எழுகிறது என்பதை வரிவரியாக வாசிக்கவைத்தீர்கள். வழுச் செய்தியை வாசிக்காமலேயே கண்ட இடங்களிலிருந்து வரிகளைக் கொண்டுவந்து ஒட்டிக்கொண்டிருந்த எனக்கு, நீங்கள் செய்த பேருதவி அதுவே.

காரணத்தைக் கண்டவர் தங்கை. முதல்நாள் மாலை, சொற்கோப்பு திறந்திருந்த அதே அமர்வில் நான் ஆர்க் பொதியைப் புதுப்பித்திருந்தேன். ஈமாக்ஸ் 28 உடன் வரும் ஆர்க் 9.5 ஏற்கெனவே நினைவகத்தில் இருக்க, இறங்கிய புதிய பதிப்பு அதன் துணையோடு கணினி விரைந்து இயக்கும் வடிவுக்குத் தொகுக்கப்பட்டுவிட்டது. வழுச் செய்தியில் நின்ற அந்தப் பெயர் ஆர்க் 9.6 இல்தான் மேக்ரோவாக, அதாவது தொகுக்கும்போதே வேறு நிரல் வரிகளாக விரியும் சுருக்கமாகப் புகுந்தது. பழைய ஆர்க்குக்கு அது தெரியாததால் சாதாரணச் செயற்கூற்றின் அழைப்பாகவே தொகுப்பில் பதிந்தது. மறுநாள் ஏற்றும்போது மேக்ரோவைச் செயற்கூறாக அழைக்க முடியாமல் ஈமாக்ஸ் நின்றுவிட்டது. இதைத் தங்கை என் கொப்பியில் படம் வரைந்து விளக்கிய விதத்தை எந்தக் கையேட்டிலும் நான் கண்டதில்லை. நிறுவிய பொதிகள் இருக்கும் எல்பா அடைவிலுள்ள ஆர்க் உறையை மட்டும் நீக்கிவிட்டு, ஆர்க் ஏற்றப்படாத வெறும் அமர்விலிருந்து மீண்டும் நிறுவ வேண்டும் என்பதே உங்கள் முடிவு. அமைவுக் கோப்பின் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

ஆனால் பொதி இறங்கவில்லை. பொதிகளை இறக்கும் இணையக் களஞ்சியத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழ் செல்லாது என்றது ஈமாக்ஸ். கிண்ணியாச் சகோதரரே, திரையின் மூலையிலிருந்த திகதியைக் கவனித்தவர் நீங்கள்தான். இடையில் இரண்டு நாள் கணினியின் மின்னிணைப்பைக் கழற்றி வைத்திருந்தேன். தாய்ப்பலகையின் பற்றரி தீர்ந்திருந்ததாலும், இணையத்திலிருந்து நேரம் பெறும் வசதி அணைந்திருந்ததாலும், கடிகாரம் பல ஆண்டுகள் பின்னே போயிருந்தது. கடிகாரம் காட்டிய திகதிக்கு அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. சரிபார்ப்பை நிறுத்திவிடலாமா என்று நான் கேட்டபோது, வருகிற பொதி யாருடையது என்று அறியாமல் இறக்கக்கூடாது என உறுதியாக மறுத்து, கடைக்குப் போய் சி.ஆர். 2032 பற்றரி ஒன்றை வாங்கிவந்து நீங்களே பொருத்தினீர்கள். அதன் விலையையும் வாங்க மறுத்துவிட்டீர்கள்.

மூவரும் வேலை முடிந்த களைப்போடு மூன்று மாலைகள் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். வேறொருவருடைய அமைவுக் கோப்பை அப்படியே தந்துவிட்டுப் போயிருந்தால் உங்களுக்கு அரைமணி நேரமே சென்றிருக்கும். தங்கையின் படத்தின் கீழ் செய்முறை முழுவதையும் தமிழில் எழுதி வைத்துள்ளேன். ஊரில் இதே வழு வந்தவர் எவரும் வந்து படியெடுத்துக்கொள்ளலாம். சொற்கோப்பின் வலைக் கிளையில் நேற்று மேலும் நான்கு சொற்கள் சேர்ந்தன. தொகுப்பு அச்சேறும் நாளில் முதற்படிகள் உங்கள் மூவருக்கும் உரியவை.

நன்றியுடன்,
திருக்கடலூர்ச் சொற்களைத் தொகுப்பவர்,
திருகோணமலை.