மலைக்காட்டு ஆய்வுகளில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

மழை ஓய்ந்து தை பிறந்ததும் இலங்கையின் நுவரெலியா, மஸ்கெலியா, ஹப்புத்தளைப் பக்கத்துக் காடுகளை நோக்கி ஆய்வுக் குழுக்கள் வரத் தொடங்குகின்றன. பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும் அவர்களுக்குத் துணையாகச் செல்லும் தொண்டர்களும் கமெராக்கள், அளவு கருவிகள், கூடாரங்கள் சகிதம் எமது தேயிலைத் தோட்டப் பாதைகளின் வழியாகவே காட்டுக்குள் நுழைகிறார்கள். வேலை முடிந்ததும் அதே பாதையால் திரும்பிச் செல்கிறார்கள். அந்தக் குழுக்களில் கொழும்பு, கண்டி இளைஞர்களையும் வெளிநாட்டு மாணவர்களையும் காண்கிறோம். காட்டின் விளிம்பிலேயே பிறந்து வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைகளைக் காண்பதோ மிக அரிதாக இருக்கிறது. பொகவந்தலாவைப் பகுதியில் நெடுங்காலம் விஞ்ஞானம் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், இந்த நிலை மாற வேண்டும் என்பதையும், மாறினால் முதலில் பயனடையப் போவது காடும் ஆய்வும்தான் என்பதையும் தங்கள் பத்திரிகை வாயிலாக எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

சிவனொளிபாதமலை வனப்பகுதி, ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மலைத்தொடர் ஆகிய மூன்றும் 2010ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. அவற்றின் பரப்பு உலக அளவில் பார்த்தால் சிறியதுதான். ஆனால் அங்கு வாழும் உயிர்களுள் பெரும்பகுதி இந்தத் தீவை விட்டால் வேறெங்கும் இல்லாதவை. மூக்கு நுனியில் கொம்பு முளைத்த ஓணான் மத்திய மலைகளின் குளிர்ந்த காடுகளில் மட்டும் வாழ்கிறது. அதன் உறவினமான, மூக்கில் இலை போன்ற மடல் கொண்ட ஓணானுக்கு நக்கிள்ஸ் மட்டுமே வீடு. விடியற்காலையில் ஓடைப் பள்ளங்களிலிருந்து சீழ்க்கையடிக்கும் கருநீலப் பூங்குருவியும் நம் மலைகளுக்கு வெளியே கிடையாது. எங்கள் பிள்ளைகள் ஓடையில் கல்லைப் புரட்டிப் பிடித்து விளையாடும் நண்டுகள்கூட அப்படித்தான். நாட்டிலுள்ள ஏறத்தாழ 50 நன்னீர் நண்டினங்களில் அநேகமாக எல்லாமே இலங்கைக்கு மட்டும் உரியவை. அவற்றுட் பல, ஒரு மலைச்சரிவையோ ஓரிரு ஓடைகளையோ மாத்திரம் நம்பி வாழ்பவை. அந்த ஓடையில் தோட்டத்தில் தெளிக்கும் மருந்து கலந்தாலோ கரை சரிந்தாலோ ஓர் இனம் முழுவதுமே இல்லாமற் போகக்கூடும்.

இத்தகைய காடுகளில் என்ன இருக்கிறது என்பதை நாம் இன்னமும் முழுமையாக எண்ணி முடிக்கவில்லை என்பதே இங்கு கவனிக்க வேண்டிய விடயம். 1991 முதல் 1996 வரை வனத் திணைக்களம் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்துடன் சேர்ந்து நாடளாவிய காட்டு மதிப்பீடொன்றை நடத்தியது. மரஞ்செடிகள், முதுகெலும்பிகள், நத்தைகள், வண்ணத்துப்பூச்சிகள் முதலியவற்றோடு மண்ணையும் நீரையும் காப்பதில் ஒவ்வொரு காட்டுக்கும் உள்ள பங்கும் அதில் ஆராயப்பட்டது. அதன் பின்னரும் புதிய இனங்களும் அழிந்ததாக நினைத்த இனங்களும் வெளிச்சத்துக்கு வந்தபடியே இருக்கின்றன. நுவரெலியாவிலிருந்து 1853இல் விவரிக்கப்பட்ட புள்ளித் தவளையொன்று அதற்குப் பின் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக எவர் கண்ணிலும் படாமல், அழிந்தேவிட்டதென்று எழுதப்பட்டிருந்தது. அதை 2009இல் சிவனொளிபாதமலைக் காட்டில் இலங்கை ஆய்வாளர்கள் உயிருடன் கண்டார்கள். ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்து மலைத் தேவாங்கும் பல பத்தாண்டுகள் அழிந்ததாகவே கருதப்பட்டது. அதன் முதலாவது ஒளிப்படங்கள் 2010இல்தான் உலகுக்கு வெளியிடப்பட்டன. குளிரிலும் மூடுபனியிலும் இரவிரவாக மரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடக்க ஆட்கள் இருந்ததால்தான் இவை கிடைத்தன.

தொண்டரின் வேலை என்னவென்பதைப் பலர் அறிவதில்லை. சுற்றுலா போய் வருவது போலவே நினைக்கிறார்கள். தவளைக் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்வோம். பொழுது சாய்ந்த பின் நெற்றி விளக்குடன், கயிறு கட்டி அளந்து வைத்த ஒரு குறுகிய காட்டுத் துண்டுக்குள் குழு மெதுவாக நகர்கிறது. ஒரு புதருக்குள்ளிருந்து "டிக், டிக்" என்று ஒலி வருகிறது. எல்லோரும் அசையாமல் நிற்கிறார்கள். பெருவிரல் நகமளவே உள்ள தவளை இலையின் மேல் உட்கார்ந்திருப்பதைக் கண்டதும், அந்த இலை தரையிலிருந்து எவ்வளவு உயரம், காற்றின் வெப்பம் எவ்வளவு, ஈரம் எவ்வளவு, நேரம் என்ன என்று ஒருவர் எழுதுகிறார். மற்றவர் ஈரக் கையால் அதைப் பிடித்து, மூக்கு நுனியிலிருந்து உடல் முடியும் இடம் வரை வேணியர் இடுக்கி என்ற நுண்ணளவு கருவியால் அளந்து, படமெடுத்து, எடுத்த இலையிலேயே திரும்ப விடுகிறார். அட்டை காலில் ஏறிக்கொண்டிருக்கும், மழை தூறிக்கொண்டிருக்கும், எழுத்து அழியாமல் பென்சிலால்தான் குறிக்க வேண்டும். இப்படியே நள்ளிரவு கடந்தும் தொடரும். மறுநாள் பகலில் அந்தக் குறிப்புகளைப் படிவங்களில் பெயர்த்தெழுதும் வேலை இருக்கிறது.

இந்தச் சின்னஞ்சிறு தவளைகளுக்கு இத்தனை பாடு எதற்கு என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. இலங்கையின் புதர்த் தவளைகள் 70 இனங்களுக்கும் மேற்பட்டவை. அவை குளத்தையோ ஓடையையோ தேடிப் போவதில்லை. பெரும்பாலானவை காட்டின் ஈர மண்ணில் முட்டையிட, வாற்பேய் (தலைப்பிரட்டை) என்ற நிலையே இல்லாமல் முட்டைக்குள்ளிருந்து நேராகத் தவளைக்குஞ்சு வெளிவருகிறது. ஆகவே காட்டுத் தரையின் ஈரம் வற்றினால் அடுத்த தலைமுறை இல்லை. நூதனசாலைப் போத்தல்களில் மட்டுமே எஞ்சியிருக்கும் இனங்கள் இந்தக் கூட்டத்திலேயே ஒரு டசினுக்கு மேல் இருக்கின்றன. உலகில் அழிந்துபோன தவளைகளுள் இலங்கையினுடையவை இத்தனை அதிகமாக இருப்பது நமக்குப் பெருமை தரும் செய்தியன்று. அவை மறைந்த காலம், கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாக மலைகள் மொட்டையடிக்கப்பட்ட காலத்தோடு சேர்ந்தே வருகிறது. அந்தக் காடுகளை வெட்டக் கொண்டுவரப்பட்டவர்கள் எமது முன்னோர்; வெட்டச் சொன்னவர்கள் வேறு. 1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் கூறிய ஆலோசனையால் 5,000 அடி உயரத்துக்கு மேற்பட்ட காடுகளை வெட்டுவது நிறுத்தப்பட்டிராவிட்டால் இன்று எண்ணுவதற்குக்கூட ஒன்றும் மிஞ்சியிராது.

வெளிநாடுகளில் இத்தகைய பணி பெரிய அளவில் நடக்கிறது. 1971இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஏர்த்வோச் அமைப்பு, சாதாரண மக்களை விஞ்ஞானிகளோடு களத்துக்கு அனுப்பி வருகிறது. 1995இல் இந்தோனேசியாவின் சுலவேசியில் ஆரம்பித்த ஒப்பரேஷன் வொலேசியா, பல்கலைக்கழக மாணவர்களைக் காடுகளுக்கும் பவளப்பாறைகளுக்கும் அழைத்துச் செல்கிறது. ஹொண்டூராசின் குசுகோ முகிற்காட்டில் அதன் குழுக்கள் பல ஆண்டுகளாகத் தவளைகளையும் பூச்சிகளையும் பறவைகளையும் எண்ணி வந்துள்ளன. தொண்டர்கள் தம் செலவைத் தாமே திரட்டிக்கொண்டு வருகிறார்கள். அந்தப் பணத்தாலேயே ஆய்வும் நடக்கிறது. அரச நிதி எட்டாத தொலைக்காடுகளில் பல ஆண்டுத் தொடர்ப் பதிவுகள் இருப்பதற்கு இந்த ஏற்பாடே காரணம் என்பதால் இதைக் குறைகூற நான் துணியமாட்டேன். எனினும் சில வாரங்கள் தங்கிப் போகிறவர், அடுத்த மழைக்குப் பின் அந்த ஓடை எப்படி மாறியது என்பதைப் பார்க்க இருக்கமாட்டார். காட்டின் கதை பருவத்துக்குப் பருவம் தொடர்ந்து பார்ப்பவருக்கே விளங்கும். அந்தத் தொடர்ச்சி, அடிவாரத்து லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், வாழ்கிறவர்களிடம் இருக்கிறது.

கொழுந்து பறிக்கும் பெண்கள் எந்த மலையில் எந்தப் பள்ளத்தால் சிறுத்தை கடந்து போகிறது என்பதைக் கால்தடம் பார்த்தே சொல்வார்கள். மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீர் எந்த மாதத்தில் மெலிகிறது, எந்த ஊற்று சென்ற தலைமுறையில் ஓடி இப்போது வற்றியது என்பது முதியவர்களுக்குத் தெரியும். காட்டோரத்தில் டர்பன்டைன் (யூகலிப்டஸ்) மரங்கள் நட்ட பிறகு கீழே என்ன நேர்ந்தது என்பதையும் அவர்கள் சொல்வார்கள். அதை அளந்து சரிபார்ப்பது ஆய்வாளரின் வேலை. மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். பன்றிக்கென்று தோட்டங்களிலும் மரக்கறிப் பாத்திகளிலும் வைக்கப்படும் சுருக்குக் கம்பிகளில் சிறுத்தைகள் மாட்டி இறக்கின்றன. 2020 மே மாதம் நல்லதண்ணி என்ற இடத்தில் அரிதான கருஞ்சிறுத்தையொன்று அப்படித்தான் சிக்கி, சிகிச்சை பலனின்றி மாண்டது. கம்பி கட்டுகிறவரோடு ஒரே லயத்தில் குடியிருக்கும் இளைஞன் ஒருவன், தன் கையால் பொருத்திய கமெராவில் பதிந்த சிறுத்தையின் படத்தைக் காட்டிப் பேசினால் அது செவியில் ஏறும். வெளியிலிருந்து வருபவர் ஒட்டிவிட்டுப் போகும் சுவரொட்டிக்கு அந்த வலு கிடையாது.

தடைகளைப் பார்ப்போம். என்னிடம் படித்து, பல்கலைக்கழகம் புகுவதற்கான உயர்தரப் பரீட்சையில் உயிரியலில் நல்ல பெறுபேறு பெற்ற மாணவியொருத்தி, ஒரு காட்டு ஆய்வுக்குத் தொண்டர் தேவை என்பதைக் கேள்விப்பட்டபோது விண்ணப்ப முடிவுத் தேதி கடந்திருந்தது. அறிவித்தல் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இணையத்தில் மட்டும் வெளிவந்திருந்தது. அடுத்த தடவை உரிய காலத்தில் விண்ணப்பித்தாள். போக்குவரத்தும் சாப்பாடும் மழைச்சட்டையும் சப்பாத்தும் தன் செலவு என்றார்கள். தாயின் நாட்சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்கு அது முடியுமா? அவள் இப்போது கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறாள். இந்த நாட்டின் தாவரவியலுக்கு ஒருவேளை ஒரு நல்ல ஆய்வாளர் கிடைத்திருக்கலாம் என்று நான் வருந்துவதுண்டு.

ஆகவே ஆய்வுகளுக்கு அனுமதி வழங்கும் வனஜீவராசிகள் திணைக்களத்தையும் வனத் திணைக்களத்தையும், ஆய்வை நடத்தும் பல்கலைக்கழகங்களையும் நான் கேட்பது இதுதான். மலையகக் காடுகளில் நடக்கும் எந்த ஆய்வுக்கும் தொண்டர் அழைப்பு தமிழிலும் வெளிவர வேண்டும். அது தோட்டப் பாடசாலைகளின் அறிவித்தற் பலகைக்கும் வர வேண்டும். சாப்பாடும் பயணச் செலவும் ஒரு சிறு நாட்படியும் ஆய்வு நிதியிலேயே ஒதுக்கப்பட வேண்டும். வெளிநாட்டுத் தொண்டர்கள் கட்டும் தொகையில் ஒரு பங்கு உள்ளூர்த் தொண்டரின் செலவுக்குப் போவதென்று அனுமதிப் பத்திரத்திலேயே நிபந்தனை வைக்கலாம். மலைநாட்டுத் தவளைகள், ஓணான்கள், பறவைகள், நண்டுகள் பற்றிப் படங்களுடன் கூடிய தமிழ்க் கையேடு அவசரத் தேவை. தமிழ்நாட்டில் 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பள்ளிப் பிள்ளைகளும் பங்கெடுக்கிறார்கள். அதைப் போல எங்கள் பாடசாலைகளிலும் தொடங்கினால் பிற்பாடு காட்டுக்குள் அழைத்துச் செல்லத் தகுந்தவர்கள் தாமாகவே அடையாளம் காணப்படுவார்கள். ஆய்வு முடிந்த பின் கண்டறிந்தவற்றைத் தோட்டத்து மக்களுக்குத் தமிழில் வந்து சொல்வதும் கடமையாக்கப்பட வேண்டும். தம் ஊரில் எடுத்த படத்தைத் தம் ஊரார் பார்க்கும் முன்னர் வெளிநாட்டு மாநாடுகள் பார்ப்பது முறையன்று.

செல்ல விரும்பும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. தொண்டு என்று போனால் குழுத்தலைவர் சொல்லும் ஒழுங்குக்குக் கட்டுப்பட வேண்டும். ஒரு காட்டிலிருந்து மற்றொன்றுக்குப் போகுமுன் சப்பாத்தைக் கழுவிக் கிருமிநீக்கம் செய்வதைச் சிலர் வீண்வேலை என்பார்கள். தவளைகளைக் கொல்லும் பூஞ்சை சேற்றோடு காலில் ஒட்டிப் பயணிக்கக்கூடியது என்பதால்தான் அந்த விதி. அதைவிட முக்கியமாக, அரிய ஓணானைக் கண்ட இடத்தை முகநூலில் போடாதீர்கள். கொம்போணான்களும் அவற்றின் உறவினங்களும் வெளிநாட்டுச் செல்லப்பிராணிச் சந்தைக்குக் கடத்தப்பட்டதால் 2019இல், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இடத்தின் பெயரோடு நீங்கள் பதியும் ஒரு படம் கடத்தல்காரனுக்கு வழிகாட்டியாகிவிடும். அனுமதியின்றிப் பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் தனியாகப் போவது சட்டவிரோதம் என்பதும் நினைவிலிருக்கட்டும்.

உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும் வரையிலும், பின்னர் பல்கலைக்கழக அனுமதி கிடைக்கும் வரையிலும் எமது பிள்ளைகள் மாதக்கணக்கில் வீட்டிலிருக்கிறார்கள். களப்பணிக்கு இதைவிடப் பொருத்தமான காலம் வேறில்லை. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் எங்கள் மலைகளில் பிறந்து களனி கங்கையாகிக் கொழும்புக்குக் குடிநீராகப் போகின்றன. ஆகவே அந்த மூலக்காடுகளைக் கவனித்துப் பதிவுசெய்யும் பிள்ளைகளுக்கு ஆகும் செலவில் பங்கெடுக்கத் தலைநகரின் நிறுவனங்களும் முன்வரலாம். வரும் தைப் பருவத்துக்கான ஆய்வுகளின் அனுமதிகள் இப்போதே பரிசீலனைக்கு வரும் காலமாகையால், சம்பந்தப்பட்ட அதிகாரிகள் தமிழ் அழைப்பைப் பற்றித் தம் நிலைப்பாட்டைத் தங்கள் பத்திரிகையிலேயே தெரிவிப்பார்களானால், தகுதியுள்ள மாணவர்களின் பெயர்ப் பட்டியலைப் பாடசாலைகள் மூலம் திரட்டிக் கொடுக்க இப்பகுதி ஆசிரியர்கள் சிலர் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்,
பொகவந்தலாவை.