சோற்றுப் பார்சலோடு மண்டபச் சாவியும் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஹட்டன் பஸ் நிலையத்தில் இரவு படுப்பவர்களுக்கு எங்கள் கிறிஸ்தவ சபை வாலிபர்கள் ஞாயிறுதோறும் சோற்றுப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள், நானும் கூடப் போகிறேன். 2022-ல் சாமான் விலை ஏறி, லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரு வேளை அடுப்பு எரிவதே பெரிய விஷயமாக இருந்த நாட்களில் தொடங்கினோம், இன்னும் விடவில்லை.

போன மாதம் ஒரு அம்மா பார்சலை மடியில் வைத்துக்கொண்டு, "சோறு எப்படியும் கிடைச்சிரும் தம்பி, குளிச்சு மாத்த ஒரு இடம் இருந்தா நல்லா இருக்கும்" என்றார். முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். புருஷன் இறந்து, பிள்ளை கொழும்புக்குப் போய், கடைசியில் லயத்துக் காம்பராவும் (அறையும்) கைவிட்டுப் போயிருக்கிறது. லயத்துக்கு நம் பேரில் உறுதிப் பத்திரம் இல்லை, தலைமுறை தலைமுறையாக இருந்தாலும் அது தோட்டத்துச் சொத்துதான். அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை.

எங்கள் ஊரிலும் நுவரெலியாவிலும் பண்டாரவளையிலும் எத்தனை சபை மண்டபங்கள் வாரத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கின்றன! உள்ளே கக்கூசும் தண்ணீரும் இருக்கின்றன. ஜனவரியில் நுவரெலியாவில் புல்லில் உறைபனி விழும்போது, பத்து அடி தள்ளி ஒரு மனிதர் கடை வாசலில் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடக்கிறார். பசித்தவனுக்குச் சோறு மட்டுமல்ல, இடமில்லாதவனைச் சேர்த்துக்கொள்ளவும் ஆண்டவர் சொல்லியிருக்கிறாரே. 2014 அக்டோபரில் பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்ட மண்சரிவில் வீடிழந்த குடும்பங்களைப் பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் தங்க வைத்தார்கள். அது சரியான இடமே இல்லை, ஆனாலும் தலைக்கு மேல் கூரை இருந்தது. நம் மண்டபம் அதைவிட எவ்வளவோ மேல்.

திருட்டு வரும், அசிங்கமாகும் என்பார்கள். சரி, எட்டுப் பேரோடு தொடங்கலாம், சபையில் இரண்டு பேர் மாறி மாறி இரவு இருக்கலாம். ஜெபத்துக்கு உட்கார்ந்தால்தான் உள்ளே விடுவோம் என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. அங்கே படுப்பவர்களில் பெரும்பாலானவர்கள் திருநீறு பூசுகிறவர்கள், அவர்கள் அப்படியே இருக்கட்டும். கண்டியில் 1972-ல் போல் காஸ்பர்ஸ் என்ற கத்தோலிக்கச் சுவாமியார் சத்யோதய என்ற சமூகப் பணி நிலையத்தைத் தொடங்கியபோது சிங்களவர், தமிழர், எல்லா மதத்தவரும் ஒன்றாக உட்கார்ந்து வேலை செய்தார்கள், நமக்கு அந்த வழி இருக்கிறது. அப்புறம், பார்சலை நீட்டும்போது அவர்கள் முகத்தைப் படம் பிடித்துப் பேஸ்புக்கில் போடுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள், அந்த அம்மாவின் பேரப்பிள்ளைகளும் பார்ப்பார்கள்.

இன்னொரு வேலை, இதற்குக் காசும் அதிகம் தேவையில்லை. 2023-ல் வந்த, ஏழைக் குடும்பங்களுக்கான அரசாங்கத்தின் அஸ்வெசும உதவிப் பணம் வங்கிக் கணக்குக்குத்தான் வரும், கணக்குத் திறக்க அடையாள அட்டை வேண்டும், அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழும் கிராம சேவகரின் கையெழுத்தும் வேண்டும், விலாசமே இல்லாதவர் இதையெல்லாம் எங்கிருந்து கொண்டு வருவார்? தனியாகப் போனால் நாளைக்கு வா என்று அனுப்பிவிடுகிறார்கள். போதகரோ மூப்பரோ கூடப் போய் உட்கார்ந்தால் பேச்சே வேறு.

அடுத்த சபைக் கூட்டத்தில் மண்டபச் சாவியைக் கேட்கப் போகிறேன். மற்ற ஊர்களில் இருப்பவர்களும் உங்கள் சபையில் கேளுங்கள். முதல் இரவு காவலுக்கு நான் இருப்பேன்.

இப்படிக்கு,
ஹட்டன் வாசகர் ஒருவர்