ஒரு பெரிய எண்ணுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்

கணிதப் பாடநூல் எழுதும் குழுவினருக்கு,

வணக்கம். காரணிப்படுத்தல் பாடம் என்றாலே 36, 84, 120 என்று சின்ன எண்களையே சுற்றி வருகிறீர்கள். கொஞ்சம் பெரிய எண் வந்துவிட்டால் ‘கால்குலேட்டரைப் பயன்படுத்துக’ என்று ஒரு வரி, அதோடு சரி. எண்ணியல் ருசிக்கத் தொடங்குவதே அந்த இடத்தில்தான். அதனால் ஒரே ஓர் எண்ணைச் சிபாரிசு செய்கிறேன்: 4294967297.

பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. ஒற்றைப்படை எண், 5-இல் முடியவில்லை. இலக்கங்களைக் கூட்டினால் 59, ஆகவே 3-ஆலும் 9-ஆலும் வகுபடாது. 7, 11, 13 சோதனைகளும் கைவிரித்துவிடும். நீங்கள் சொல்லித்தரும் விதிகள் அத்தனையும் தீர்ந்துபோன பிறகு மாணவர் என்ன செய்வார்? அந்தக் கேள்விதான் புத்தகத்தில் இல்லை.

இந்த எண் 2³² + 1. 2-இன் அடுக்கை 1, 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போய் 1 கூட்டினால் வரும் வரிசை இது. இதில் முன்னால் வரும் 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள். அதைப் பார்த்து, வரிசை முழுக்க அப்படித்தான் இருக்கும் என்று 17-ஆம் நூற்றாண்டுக் கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் கணித மேதை ஆய்லர் 4294967297 என்பது 641-ஆல் வகுபடும் என்று காட்டினார். 65537-க்குப் பிறகு இந்த வரிசையில் இன்றுவரை ஒரு பகா எண்கூடச் சிக்கவில்லை.

641-ஐ எப்படிப் பிடிப்பது? 2, 3, 5 என்று வரிசையாக வகுத்துக்கொண்டே போனால் அது 116-ஆவது பகா எண். ஆனால் இந்த எண்ணின் பகாக் காரணி எதுவும் 64-ஆல் வகுத்தால் 1 மீதி தருவதாகத்தான் இருக்க முடியும் என்று ஆய்லர் பின்னர் நிறுவினார். (அதற்கு அடிப்படை ஃபெர்மாவின் சிறிய தேற்றமே. பாவம் மனிதர்!) அப்படிச் சலித்தால் மிஞ்சுபவை 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே கிடைத்துவிடும்.

சரிபார்க்க நீள்வகுத்தல்கூட வேண்டாம். 641 = 5 × 2⁷ + 1. ஆகவே 641-ஆல் வகுக்கும்போது 5 × 2⁷-இன் மீதியை −1 என்று எடுக்கலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-இன் மீதி 1. அப்புறம், 641 என்பது 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. ஆகவே 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ போடலாம். −2³²-இன் மீதி 1 என்று வருகிறது. 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது. நான்கு வரிதான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குத் தாராளமாகப் புரியும்.

641-ஆல் வகுத்தால் ஈவு 6700417. இதைப் பயிற்சிக் கணக்காகக் கொடுங்கள். தயவுசெய்து பின்பக்கத்தில் விடை போடாதீர்கள். இதன் வர்க்கமூலம் 2588-ஐ ஒட்டி வரும். அதே சல்லடையில் 641-இலிருந்து அதுவரை நிற்கும் பகா எண்கள் ஏழுதான்: 641, 769, 1153, 1217, 1409, 1601, 2113. ஏழு வகுத்தலில் இது பகா எண்ணா இல்லையா என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு கணித வாசகர்